ஒவ்வொன்றிற்கும் ஒரே விதி

கணனிக்குச் செய்நிரல் எழுதக் கற்கும் மாணவன் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் வேலைகளுள் ஒன்று, ஒரு பட்டியலின் மூலகங்களை வேறு பெறுமானங்களாக மாற்றுதலாகும். 2, 3, 5 என்னும் பட்டியலிலிருந்து அவற்றின் வர்க்கங்களாகிய 4, 9, 25 என்பவற்றைப் பெறுதல் இதற்கு எளிய உதாரணம். வழக்கமான முறையில் அவன் ஓர் எண்ணியை வைத்துக்கொள்கின்றான்; முதல் மூலகத்தை எடுத்து வர்க்கிக்கின்றான்; அதனைப் புதிய பட்டியலிற் சேர்க்கின்றான்; எண்ணியை ஒன்றால் உயர்த்தி, முடிவு வந்துவிட்டதா எனச் சோதித்து, மீளவும் தொடங்குகின்றான். இவற்றுள் வர்க்கித்தல் ஒன்றே அவனுடைய நோக்கம். ஏனையவை யாவும் பட்டியலைக் கடந்து செல்வதற்கான ஏற்பாடுகள். எண்ணி ஓரிடம் முந்தினாலும் பிந்தினாலும் விடை தவறிவிடும்.

நோக்கத்தையும் ஏற்பாட்டையும் பிரித்து வைப்பதே படமாக்கற் சார்பின் பணி. மாற்றும் விதியைத் தனியே ஒரு சார்பாக எழுதி, அதனையும் பட்டியலையும் படமாக்கற் சார்பிடம் ஒப்படைத்தாற் போதும். அது விதியை ஒவ்வொரு மூலகத்திற்கும் பிரயோகித்துப் புதிய பட்டியலைத் தருகின்றது. ஜோன் மக்கார்த்தி லிஸ்ப் மொழியை விளக்கி 1960இல் வெளியிட்ட கட்டுரையில் ‘மப்லிஸ்ற்’ என்னும் சார்பு இடம்பெற்றுள்ளது. அது விதியைத் தனி மூலகத்திற்கன்றி, முதலில் முழுப் பட்டியலுக்கும், பின்னர் முதல் மூலகம் நீங்கிய எச்சத்திற்கும் என முறையே பிரயோகித்தது. தனி மூலகங்களுக்கே பிரயோகிக்கும் ‘மப்கார்’ லிஸ்ப் மரபிற் பெருவழக்காயிற்று. ஒரு சார்பை மற்றொரு சார்பிற்கு உள்ளீடாக வழங்கலாம் என்பதே இவ்விரண்டிற்கும் அடிப்படை.

மப்கார் போன்ற சார்பை ஒரு பட்டியலுக்குப் பிரயோகிக்கும்போது மூலகங்களின் தொகை மாறுவதில்லை. அவற்றின் வரிசையும் மாறுவதில்லை. விதி தனக்குப் புறம்பான எதனையும் மாற்றாதும் சாராதும் இருக்குமாயின், ஒரு மூலகத்தின் விடை இன்னொன்றின் விடையில் தங்கியிருப்பதுமில்லை. இம்மூன்றாவது பண்பின் பயன் மிகப் பெரிது. எதனை முதலிற் கணிப்பது என்னும் கட்டாயம் நீங்குவதால், வேலையைப் பல கணனிகளுக்குப் பகிர்ந்தளிக்கலாம். ஒரு கணனி பழுதுற்றால் அதன் பங்கை மட்டும் மற்றொன்றிடம் மீளக் கொடுக்கலாம். கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவற் ஆகிய இருவரும் 2004இல் வெளியிட்ட ‘மப்ரெடியூஸ்’ முறை இவ்வுண்மையின்மீது எழுந்ததே. லிஸ்ப் மொழியே அதற்குத் தூண்டுதலாயிற்று என அவர்கள் குறிப்பிட்டுள்ளனர்.

ஆயினும் அதே பண்பிலேயே இம்முறையின் எல்லையும் அடங்கியுள்ளது. ஒவ்வொரு மூலகத்தையும் தனித்து நோக்கும் விதி, பட்டியல் முழுவதையும் பற்றி எதனையும் அறியாது. இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் கைக்கொள்ளப்பட்ட இசட் புள்ளி இதனை நன்கு விளக்கும். மாணவரது புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்தல் எளிய விதியே. ஆனால் இடையும் நியம விலகலும் பட்டியல் முழுவதையும் திரட்டி நோக்கியே பெறப்படவேண்டியவை. எனவே திரட்டல் முந்தியும் படமாக்கல் பிந்தியும் நிகழ்தல் வேண்டும். எப்பட்டியலைத் திரட்டுவது என்னும் தீர்மானம் விதியினுள்ளே மறைந்து நின்றுவிடுகின்றது.

2011ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தின்படியும் புதிய பாடத்திட்டத்தின்படியும் மாணவர் தோற்றினர். இசட் புள்ளி கணிக்கப்பட்ட முறை வழக்கிற்குள்ளாகியது. அவ்விரு சாராரையும் வெவ்வேறு குடித்தொகைகளாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு 2012இல் உயர் நீதிமன்றம் பணித்தது.

கழித்தலும் வகுத்தலும் எத்துணைச் செம்மையாக நிகழ்ந்தாலும், அவற்றிற்கு முந்திய தீர்மானம் பிழைக்குமாயின், அப்பிழை ஒருவரையும் தப்பவிடாது ஒவ்வொரு மூலகத்தையும் சென்றடையும். ஒரே விதியை ஒவ்வொன்றிற்கும் பிரயோகித்தல் நீதியின் தோற்றத்தைத் தருவது. அவ்விதி எப்பட்டியலிலிருந்து பிறந்தது என வினவும் கடமை செய்நிரலை எழுதுபவருக்கே உரியது. கணனி அதனை வினவுவதில்லை.