இரண்டு கிலோ விதைநெல்

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கு அருகில், காவிரிப் பாசனத்தின் கடைமடையில் அமைந்த சிற்றூர். வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் பாயும் வழியை மடை என்பர். ஆற்றுநீர் இறுதியாக வந்து சேரும் பகுதியே கடைமடை. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது வழக்கம். அந்நீர் கல்லணையைக் கடந்து, ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து, எங்கள் வயலை அடையப் பல நாள்கள் ஆகும். வாராத நீருக்காக ஆடியில் காத்திருப்பதும், வடியாத நீரோடு கார்த்திகையில் போராடுவதும் எங்கள் உழவர்களுக்குப் பழகிப்போனவை.

இவ்விரண்டையும் தாங்கும் நெல் வகைகள் முன்பு எங்கள் பகுதியில் விளைந்தன. அவற்றுள் ஒன்று காட்டுயானம். யானையையே மறைக்கும் அளவுக்கு உயர்ந்து வளர்வதால் அதற்கு அப்பெயர் வந்தது என்பர். 1960-களுக்குப் பின், குறைந்த நாள்களில் மிகுந்த விளைச்சல் தரும் புதிய நெல் வகைகள் பரவின. அவை பலருடைய பசியைப் போக்கின. ஆனால், விதைப்பார் இன்றிப் பழைய நெல் வகைகள் பல மறைந்தன. விதைநெல்லைப் பத்தாயத்தில் பூட்டிவைத்துக் காக்க இயலாது. சில ஆண்டுகளில் அது முளைக்கும் திறனை இழந்துவிடும்.

எங்கள் வட்டாரத்திலுள்ள ஆதிரெங்கம் என்னும் சிற்றூரில் 2006-ஆம் ஆண்டு நெல் திருவிழா தொடங்கியது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் நின்ற 'நெல்' ஜெயராமன் அதனை நடத்தினார். 150-க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளை அவர் மீட்டெடுத்தார். திருவிழாவுக்கு வரும் உழவருக்கு இரண்டு கிலோ விதைநெல் வழங்கப்படும். அதற்கு விலை இல்லை. மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும்.

நான் வடமாநிலப் பள்ளியொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, என் தந்தையார் அங்கிருந்து காட்டுயானம் வாங்கி வந்தார். எங்களுக்கு இருந்ததே ஐந்து மா நிலம். ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். "ஆறு மாதப் பயிர்; சிவப்பரிசி வேறு. இதை யார் வாங்குவார்கள்? வட்டிக்காரருக்கு என்ன பதில் சொல்வது?" என்று அம்மா கலங்கினார். அப்பா ஒரு மாவில் மட்டும் நட்டார்.

அவ்வாண்டு கார்த்திகையில் அடைமழை பெய்தது. நான்கு மாவில் இருந்த குட்டைப் பயிர் ஒரு வாரம் நீரில் மூழ்கிப் பாதியளவு அழுகியது. தொலைபேசியில் அப்பா சொன்னார்: "காட்டுயானம் மட்டும் தண்ணிக்கு மேல தலையத் தூக்கிக்கிட்டு நிக்குதுப்பா."

அந்த ஒரு மா எங்கள் கடனை அடைக்கவில்லை. ஆயினும், வீட்டுக்குச் சோறும் திருப்பித் தர நான்கு கிலோவும் கிடைத்தன. அண்டை வீட்டார் இருவர் அப்பாவிடம் விதை கேட்டு வாங்கிச் சென்றனர். அம்மாதான் அளந்து கொடுத்தார்.

மாணவர்களே! மடை, மா, பத்தாயம் ஆகிய சொற்களை இப்பாடத்தில் கற்றீர்கள். இவையும் வழங்குவார் இருந்தால்தான் வாழும். இன்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அவர்கள் ஊரில் விளைந்த நெல் ஒன்றின் பெயரைக் கேட்டு வாருங்கள். நீங்கள் கொண்டுவரும் பெயர்களையெல்லாம் நாளை கரும்பலகையில் எழுதுவோம்.