பெட்டியில் எழுதப்படாத பெயர்

கடையில் விற்கும் ஒரு வைஃபை டாங்கிளின் பெட்டியை எடுத்துப் பாருங்கள். அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதி செய்தவரின் முகவரி, தயாரான நாடு, மாதம், ஆண்டு, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் அச்சாகியிருக்கும். பொதிந்த பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் அவற்றைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆனால், அந்தக் கருவி நம் வீட்டில் இயங்குமா என்பதைத் தீர்மானிக்கும் தகவல், அதாவது உள்ளிருக்கும் சில்லின் பெயர், பெரும்பாலும் எங்கும் இராது. அந்தப் பெயரைத் தேடி இரண்டு வாரம் அலைந்ததில் அறிந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

தேடலுக்குக் காரணம் அம்மா. ஊரில் துணைக்கு ஆளில்லாததால், விழித்திரைச் சிகிச்சைக்காக மூன்று மாதம் என்னுடன் தில்லியில் தங்க வந்திருந்தார். முனிர்காவில் மூன்றாம் மாடியில் ஓர் அறை. பகலில் நான் பல்கலைக்கழகத்தில் இருப்பேன். அம்மாவுக்கு இந்தி தெரியாது; கைப்பேசியின் சிறு திரை கண்ணுக்கு உதவாது. “காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் எனக்குப் புரியற ஒரு வார்த்தை காதுல விழலையே” என்று ஒரு நாள் மெல்லச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, அதனால்தான் அது மனத்தை விட்டு அகலவில்லை.

அறையில் பழைய தொலைக்காட்சி ஒன்றும், படிப்பு முடித்துச் சென்ற மூத்த ஆய்வாளர் விட்டுச்சென்ற ராஸ்பெர்ரி பை 2 கணினி ஒன்றும் இருந்தன. உள்ளங்கையளவான அதில் லிப்ரெஎலெக் இயங்குதளத்தை நிறுவினால் திரைப்படம், பாட்டு, இணைய ஒளிபரப்பு அனைத்தையும் தொலைக்காட்சியில் காணலாம். ஆனால் 2015இல் வெளிவந்த அந்த மாதிரியில் கம்பியில்லா இணைப்பு கிடையாது. மறு ஆண்டு வந்த மூன்றாம் மாதிரியில்தான் அது உள்ளமைந்தது. இணையப் பெட்டியோ கீழ்த்தளத்தில், வீட்டு உரிமையாளர் வசம். மாடிப்படி வழியே கம்பி இழுக்க அவர் இசையவில்லை. எஞ்சிய வழி, யுஎஸ்பி துளையில் செருகும் ஒரு வைஃபை டாங்கிள்.

ஆய்வக நண்பர் ஒருவரின் வீட்டில் இதே ஏற்பாடு ஒரு டாங்கிளுடன் பழுதின்றி இயங்கி வந்தது. அதே நிறுவனம், அதே மாதிரி எண், அதையே வாங்கினேன். செருகினால் விளக்குக்கூட எரியவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் அடிப்புறத்தில் கடுகளவு எழுத்தில் வேறுபாடு தெரிந்தது: அவருடையது முதல் பதிப்பு, என்னுடையது மூன்றாம் பதிப்பு. பெயர் மாறவில்லை, உள்ளே சில்லு மாறிவிட்டது. பெட்டியைப் பிரித்தால்தான் பதிப்பு எண் தெரியும். பிரித்துவிட்டால் கடைக்காரர் திரும்பப் பெறமாட்டார்.

சுவடிகளோடு பழகும் எனக்கு இது புதிய சிக்கலன்று. ஒரே தலைப்பில் இரு சுவடிகள் இருக்கும். உள்ளே பாடம் வேறாக இருக்கும். தலைப்பை நம்பிப் பதிப்பிப்பவர் இல்லை. ஏட்டைப் பிரித்துப் படித்தே முடிவு செய்கிறோம். டாங்கிளுக்கும் அப்படி ஒரு வாசிப்பு உண்டு. ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் செருகிய உடனே தன் அடையாளத்தைக் கணினிக்குச் சொல்கிறது. விற்பனையாளருக்கு நான்கு, பொருளுக்கு நான்கு என எட்டு இலக்கங்கள் கொண்ட குறியீடு அது. லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளை அதைக் காட்டும்; விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடி என்ற இடத்தில் பார்க்கலாம். அந்த எண்ணை இணையத்தில் தேடினால் சில்லின் பெயர் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சில்லின் பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்? சில்லோடு பேச, டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் தேவை. பெட்டியில் ‘லினக்ஸ்’ என்று அச்சிட்டிருந்தாலும், பழைய கெர்னலுக்கான மூலநிரல் எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருளாக இருக்கலாம். மற்ற கணினிகளில் அதைத் தொகுத்து நிறுவிக்கொள்ள இயலும். லிப்ரெஎலெக்கோ மாற்ற முடியாத ஒரே கோப்பாக வருவது. தொகுப்பதற்கான கருவிகள் அதில் இல்லை. இயக்கி ஏற்கெனவே உள்ளே இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. சான்றாக, மீடியாடெக்கின் எம்டி7612யு சில்லுக்கான இயக்கி 2018இல் வந்த 4.19 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. சந்தையில் பல ஆண்டுகள் பரவலாக விற்ற ஆர்டிஎல்8812ஏயு சில்லுக்கு 2025இல் வந்த 6.14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அலைவரிசையும் ஒரு தடை. ஏஆர்9271 போன்ற பழைய சில்லுகள் லினக்ஸில் நன்றாகவே இயங்கும். ஆனால் அவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசுபவை. அந்தப் பட்டையில் ஒன்றையொன்று இடறாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய முனிர்காவில் அந்த மூன்றில் எத்தனை வீடுகள் முட்டிக்கொள்கின்றன என்பதைக் கைப்பேசியைத் திறந்தாலே காணலாம். ஆகவே 5 கிகாஹெர்ட்ஸும் பேசும் சில்லு தேவைப்பட்டது.

நேரு பிளேஸில் ஒன்பது கடைகளில் “எல்லாவற்றிலும் ஓடும், சார்” என்றே விடை வந்தது. பத்தாவது கடையில் முதியவர் ஒருவர், “எனக்குத் தெரியாது, மடிக்கணினி வைத்திருந்தால் நீங்களே செருகிப் பாருங்கள்” என்று பிரித்த பெட்டிகள் சிலவற்றை முன்னே வைத்தார். நான்காவதாகச் செருகியது எம்டி7612யு. அன்று மாலையே அறையில் தமிழ் ஒலித்தது. அம்மா முதலில் கேட்டது செய்தி. மழை எங்கெல்லாம் பெய்தது என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்ப் பெயர் வருகிறதா என்று கடைசிவரை காத்திருந்தார்.

‘தெரியாது’ என்று சொல்ல அந்த முதியவருக்கு இருந்த நேர்மையும், செருகிப் பார்க்க அவர் தந்த இடமும் வாய்த்ததால் இது முடிந்தது. எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. பொருந்தாத டாங்கிள் ஒன்று மேசை அறையில் முடங்கும். நன்றாக உழைக்கும் பழைய கணினி ஒன்று பழைய இரும்புக்காரரிடம் போகும். மின்னணுக் கழிவுக்கு 2022இல் புதிய விதிகள் வகுத்திருக்கிறோம். அதே ஆண்டு டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒன்றிய அரசு ஓர் இணையதளமும் தொடங்கியது. இறக்குமதி செய்தவரின் முகவரியை அச்சிட இடமுள்ள பெட்டியில் சில்லின் பெயருக்கு ஒரு வரி ஒதுக்குவதும் அந்த உரிமையின் பகுதிதான்.

அதுவரை, வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று சொற்கள். மாதிரி எண்ணை மட்டும் நம்பாதீர்கள், பதிப்பு எண்ணைக் கேளுங்கள். கெர்னலிலேயே இயக்கி உள்ள சில்லைத் தேர்ந்தெடுங்கள். பழைய பை கணினியாயின் 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் நல்ல மின்னேற்றியை இணையுங்கள். மின்சாரம் போதாமல் டாங்கிள் அறுந்து அறுந்து போவதும் உண்டு. உங்கள் வீட்டில் இயங்கும் டாங்கிள் எதுவாயினும் அதன் மாதிரி, பதிப்பு, சில்லு மூன்றையும் கீழே எழுதுங்கள். பெட்டி சொல்லாததை நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்.