வலப்பக்க இருக்கை

விமானப் படைத் தளம் ஒன்றின் அருகே அமைந்த பங்கில் நாம் சில ஆண்டுகள் பணியாற்றினோம். அங்கே மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது வானில் இரைச்சல் எழுந்தால் பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் சன்னல் பக்கம் திரும்பிவிடும். பங்கு மக்களுள் பாதிப் பேர் படையினர் குடும்பத்தினர். ஆகவே, படையை விட்டு விலகிப் பயணிகள் விமானம் ஓட்டச் செல்வது நல்லதா, கெட்டதா என்னும் விவாதம் பல வீடுகளில் நம் முன்னிலையிலேயே நடந்ததுண்டு. இன்று அந்தப் பணியை நாடும் பிள்ளைகள் பெருகியுள்ளனர். அவர்தம் பெற்றோரும் மனைவியரும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே எழுத விழைகிறோம்.

அப்பங்கில் விங் கமாண்டர் ஒருவர் இருந்தார். வயது நாற்பத்து மூன்று. இருபது ஆண்டுப் பணியை முடித்து, ஓய்வூதியத்திற்குத் தகுதி பெற்றிருந்தார். மக்கள் இருவர் கல்லூரிப் படிப்பை நெருங்கிக்கொண்டிருந்தனர். படையை விட்டு விலக அவர் விண்ணப்பித்த செய்தி தெரிந்ததும், அவருடைய தந்தையார் நம்மைத் தேடி வந்தார். தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் அவர்.

"சாமி, அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவழித்து இவனுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்தது. அதைக் கொண்டுபோய்க் கம்பெனிக்காரனிடம் விற்பதா? நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றார்.

நேர்மையான கேள்வி அது. பொருளாசை என்றோ காலத்தின் கோலம் என்றோ கூறி அதனைத் தள்ளிவிட முடியாது. ஒரு படை விமானியை உருவாக்க ஆகும் செலவு பெரிது; அதனை ஏற்பவர் வரி செலுத்தும் மக்கள். இதனாலேயே விமானி தாம் நினைத்த நாளில் விலகிவிட இயலாது. விண்ணப்பிக்க வேண்டும், ஆள் பற்றாக்குறை இருந்தால் படை மறுக்கலாம். பட்ட கடனை உழைப்பால் தீர்த்து, முறையாக விடைபெற்று வருகிறவரைத் துரோகி என்பது நியாயமாகாது. குறுகிய காலப் பணியில் சேர்ந்தவர்களோ குறித்த ஆண்டுகள் முடிந்ததும் ஓய்வூதியமின்றி வெளியேறுகிறவர்கள். 1994 முதல் விமானப் படையில் விமானிகளாகச் சேர்ந்துவரும் பெண்மக்களுள் பலரும் இத்தகையோரே. அவர்களுக்கு இரண்டாவது வாழ்வு ஒன்று வேண்டும் அன்றோ?

மேலும், நம் நாட்டில் பயணிகள் விமானப் போக்குவரத்தே படைவீரர் ஒருவரின் முயற்சியோடு தொடங்கியது என்பதைப் பெரியவருக்கு எடுத்துரைத்தோம். நெவில் வின்சென்ட் என்பவர் பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றி விலகியவர். தபால் விமானச் சேவை ஒன்றைத் தொடங்கலாம் என்னும் யோசனையை அவரே டாட்டா நிறுவனத்தாரிடம் கொண்டுசென்றார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைச் சுமந்து பறந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதனைக் கொண்டுவந்து சேர்த்தவர் வின்சென்ட். அச்சேவையே பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், படையினர் விற்ற டக்கோட்டா விமானங்களை வாங்கிப் பல கம்பெனிகள் முளைத்தன. அவற்றை ஓட்டியவர்களுள் போர்க்களம் கண்டவர் பலர். 1953-இல் அக்கம்பெனிகள் நாட்டுடைமையாயின.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் மனம் இசையவில்லை.

படையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவருக்குப் பயணிகள் விமானம் எளிது என்று பலர் எண்ணுகின்றனர். அது உண்மையன்று. அவர் மீண்டும் மாணவராகிப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். வழி அறியும் கலை, வானிலை, விமானச் சட்டங்கள், விமானப் பொறி நுட்பம் ஆகியவற்றில் தேர்வு எழுதவேண்டும். வானொலித் தொடர்புக்குத் தனி உரிமம் பெறவேண்டும். வணிக விமானி உரிமத்திற்கு 200 மணி நேரப் பறப்பு போதும். தலைமை விமானியாவதற்கு வேண்டிய உயர்நிலை உரிமத்திற்கோ 1,500 மணி நேரம் தேவை. போர் விமானத்தில் தனித்து, குறுகிய நேரமே பறந்தவரைக் காட்டிலும், பல என்ஜின்கள் கொண்ட சரக்கு விமானத்தை ஓட்டியவருக்கு இம்மாற்றம் சற்று எளிது. பிறகு, தாம் ஓட்டப்போகும் விமான வகைக்கென சிமுலேட்டரில் தனிப்பயிற்சி உண்டு. பணியில் அமர்ந்த பின்னரும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை திறமைச் சோதனை. குறித்த காலங்களில் மருத்துவப் பரிசோதனை. அறுபத்தைந்து வயதோடு பயணிகள் விமானம் ஓட்டும் பணி முடிவடைகிறது.

ஊதியம் பெரிது என்பது மெய்யே. ஆனால் நிலையானது என்று எவரும் உறுதி கூற இயலாது. கிங்ஃபிஷர் நிறுவனம் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும், கோ ஃபர்ஸ்ட் 2023-இலும் பறப்பதை நிறுத்தின. கொள்ளை நோய் பரவிய 2020-இல் உலகெங்கும் விமானிகள் ஊதியம் குறைந்தோ வேலை இழந்தோ வாடினர். படையில் வீடும் மருத்துவமும் தாமே அமையும். வெளியில் அவற்றை நாமே தேடிக்கொள்ள வேண்டும். ஆகவே பெருங்கடன் வாங்கி வீடு கட்டிக்கொண்டு இந்த மாற்றத்தில் இறங்க வேண்டாம் என்று குடும்பத் தலைவியரிடம் நாம் கூறுவது வழக்கம்.

எனினும் மெய்யான சோதனை தேர்விலும் இல்லை, பணத்திலும் இல்லை. அது விமானி அறையின் வலப்பக்க இருக்கையில் இருக்கிறது.

இடப்பக்க இருக்கை தலைமை விமானிக்கு உரியது. புதிதாகச் சேர்ந்தவர் துணை விமானியாக வலப்பக்கம் அமர்வார். முன்னுரிமை என்பது நிறுவனத்தில் சேர்ந்த நாளைப் பொறுத்தது. தோளில் இருந்த பட்டைகளைப் பொறுத்ததன்று. நேற்றுவரை பல அதிகாரிகள் எழுந்து நின்று மரியாதை செய்த ஒருவர், தம்மைவிடப் பத்து வயது இளையவரின் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்லக் கேட்டு, இயங்குபொறிகளைச் சரிபார்க்க வேண்டும். அதே நேரத்தில், தவறு கண்டால் தயங்காமல் வாய்திறந்து சொல்லவும் வேண்டும். நாளை அவரே இடப்பக்கம் அமரும்போது, இளையவர் சொல்வதைச் செவிமடுக்க வேண்டும்.

இது வெறும் பண்பாட்டுப் பாடம் அன்று; உயிர்களைக் காக்கும் பாடம். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் ஓடுபாதையில் இரு பெரும் விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். மற்ற விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று ஒரு விமானத்தின் பொறியாளர் ஐயம் எழுப்பினார். மூத்த தலைமை விமானி அதனைப் பொருட்படுத்தவில்லை. அதன் பின்னரே, விமானி அறையில் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும் முறையைப் பாடமாகவே கற்பிக்கத் தொடங்கினர்.

அதன் பலனைக் காட்டியவர் ஆல் ஹெய்ன்ஸ். அமெரிக்க மரீன் படையில் விமானியாக இருந்து, 1956-இல் யுனைடெட் நிறுவனத்தில் சேர்ந்தவர் அவர். 1989 சூலை 19 அன்று அவர் ஓட்டிய விமானத்தின் வால்பக்க என்ஜின் சிதறி, விமானத்தைத் திருப்பப் பயன்படும் எண்ணெய் அழுத்த அமைப்புகள் மூன்றும் செயலிழந்தன. அத்தகைய நிலைமைக்கு எவரும் பயிற்சி பெற்றிருக்கவில்லை. பயணியாக வந்திருந்த விமானப் பயிற்றுநர் ஒருவர் உதவ முன்வந்தபோது, ஹெய்ன்ஸ் அவரை உள்ளே அழைத்து, எஞ்சிய இரு என்ஜின்களின் விசைக் கட்டுப்பாட்டையே அவர் கையில் ஒப்படைத்தார். சூ சிட்டி நகரில் விமானம் தரையில் மோதி உடைந்தது. 112 பேர் இறந்தனர். ஆயினும் 184 பேர் பிழைத்தனர். பல்லாண்டுகள் மேடைதோறும் ஹெய்ன்ஸ் பேசியபோது, தம் திறமையைப் பாராட்டிக்கொள்ளவில்லை. எல்லோரும் சேர்ந்து இயங்கியதையே காரணமாகக் காட்டினார்.

குருக்களாகிய எமக்கும் இப்பாடம் புதிதன்று. நம்மிடம் படித்த மாணவர் மறைமாவட்டப் பொறுப்பில் அமர, அவரிடம் அனுமதி கேட்டு நிற்கும் நாள் எங்களுக்கும் வரும். நற்செய்தியில் வரும் நூற்றுவர் தலைவர், ஆணையிடுதலையும் பணிதலையும் ஒருங்கே அறிந்தவர் அல்லரோ?

நாம் மேலே கூறிய விங் கமாண்டர் படையினின்று விடைபெற்றுத் துணை விமானியானார். சில மாதங்கள் கழித்து ஊருக்கு வந்தவர் முகவாட்டத்தோடு, "ஃபாதர், படிப்பு பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் என் பயிற்சி மாணவன் வயதுக்காரர். அதுதான் முள்ளாய்க் குத்துகிறது" என்றார்.

அருகில் இருந்த தந்தையார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தம்பி, இருபத்திரண்டு வயது லெப்டினன்டுக்கு நான் நாற்பது வயதில் சல்யூட் அடித்தவன். எனக்கு அது குறைச்சலாகப் படவில்லை. அவர் வழி தவறினால் 'சார், இந்தப் பக்கம்' என்று சொல்வதும் என் வேலைதான். பத்திரமாகத் திரும்பி வந்தோம்" என்றார்.

மகன் படையை விட்டதில் அவருக்கு இன்றளவும் உடன்பாடு இல்லை. ஆயினும் மகனுக்குத் தேவையான பாடத்தை, எந்தப் பயிற்சிப் பள்ளியைக் காட்டிலும் நன்றாக அவரே சொல்லிக் கொடுத்தார்.

ஆகவே, அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய மாற்றத்தை விரும்பினால், ஊதியம் எவ்வளவு என்று கேட்கும் முன், இளையவர் சொல் கேட்கும் மனம் உண்டா என்று கேளுங்கள். இருந்தால், ஆசீர்வதித்து அனுப்புங்கள். 1920-ஆம் ஆண்டு முதல் திருச்சபை லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாகப் போற்றி வருகிறது. அவ்வன்னையிடம், இடப்பக்கம் அமர்ந்திருப்பவருக்காகவும் வலப்பக்கம் அமர்ந்திருப்பவருக்காகவும் சேர்த்தே மன்றாடுவோம்.