ஏடு பெயர்த்தலும் தளம் பெயர்த்தலும்

எழுத்தைப் பழைய இடத்திலிருந்து புதிய இடத்திற்குக் கொண்டு சேர்ப்பது தமிழுக்குப் புதிய வேலையன்று. ஓலை செல்லரிப்பதற்குள் மற்றோர் ஓலையில் பெயர்த்தெழுதிவிட வேண்டும் என்ற அவசரம்தான் நம் இலக்கியத்தில் எஞ்சியதைக் காத்துத் தந்தது. பின்னர் ஓலையிலிருந்து அச்சுக்கு வந்தோம்; அச்சிலிருந்து கணினிக்கு வந்தோம். கணினிக்குள்ளேயே ஒரு பெயர்ப்பு உண்டு என்பதையும், ஏடு பெயர்த்தவர்கள் பட்ட பாடு அங்கும் காத்திருக்கிறது என்பதையும், 2021இல் ஒரு சிறு பதிப்பகத்தின் இணையதளத்தை மாற்றியமைத்தபோது கண்டோம்.

நாங்கள் மூவர். இருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். ஒருவர் எங்கள் முன்னாள் மாணவர், மென்பொருள் துறையில் பணிபுரிபவர். அந்தத் தளம் 2003இல் உருவானது. அப்போது பதிப்பகத்தில் இருந்த இளைஞர் ஒருவர், நோட்பேடைத் திறந்துவைத்துக்கொண்டு எச்டிஎம்எல் குறிகளைக் கையாலேயே தட்டித் தட்டிச் செய்தது. சுமார் 400 பக்கங்கள்: நூற்பட்டியல், ஆசிரியர் குறிப்புகள், முன்னுரைகள், தேர்ந்தெடுத்த கவிதைகள். ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு. ஒரு நூலின் விலை மாறினால் நான்கைந்து கோப்புகளைத் திறந்து திருத்தியாக வேண்டும். அவர் வெளிநாடு சென்றபின் திருத்த ஆளில்லை. எழுபதைக் கடந்த பதிப்பாளர் எங்களிடம் கேட்டது ஒன்றே: "ஒரு விலைய மாத்தணும்னாக்கூட யாரையாவது எதிர்பார்த்து நிக்க வேண்டியிருக்கு, சார். நானே உக்காந்து மாத்திக்கிற மாதிரி செஞ்சு குடுங்க."

அதற்கு விடை உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். நாங்கள் தேர்ந்தது வேர்ட்பிரஸ். எழுத்து வேறு, தோற்றம் வேறு என்று பிரிப்பதே இதன் அடிப்படை. எழுத்து தரவுத்தளத்தில் இருக்கும்; அது திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை வார்ப்புரு பார்த்துக்கொள்ளும். நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, விலை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கட்டத்தில் ஒருமுறை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். பதிப்பாளருக்கு வேண்டியதும் இதுவே.

முதல் சிக்கல் எழுத்திலேயே இருந்தது. பழைய பக்கங்கள் யூனிகோட் அல்லாத ஓர் எழுத்துருவில் இருந்தன. அத்தகைய எழுத்துருக்கள் தமிழைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தவை. 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்துக் ககரம், இறுதியில் கால். யூனிகோடிலோ முதலில் ககரம், பிறகே ஒகரக் குறி. இந்த இடமாற்றத்தை இயந்திரம் எளிதாகச் செய்துவிடும். ஔகாரத்தில்தான் அது தடுமாறியது. அந்த எழுத்துருவில் ளகரத்திற்கும் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் வடிவம் ஒன்றே, குறியெண்ணும் ஒன்றே. 'வௌவால்' என்பதும் 'வெளிச்சம்' என்பதும் தொடங்கும்போது இயந்திரத்துக்கு ஒரேமாதிரிதான். ளகர வடிவத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரம் என்று விதி எழுதிக் கொடுத்தோம். எஞ்சியவற்றைக் கண்ணால் பார்த்துத் தீர்த்தோம். ஓலைச்சுவடியில் ரகரமும் காலும் ஒரே வடிவில் இருக்கும். புள்ளி பெரும்பாலும் இராது. பொருளறிந்துதான் படிக்க வேண்டும். வகுப்பில் ஆண்டுதோறும் இதைச் சொல்லியிருக்கிறோம். அதே வேலை எங்கள் மேசைக்கே வந்து சேர்ந்தது.

அடுத்தது முகவரிச் சிக்கல். தலைப்பைத் தமிழிலேயே வைத்து முகவரி அமைக்க விரும்பினோம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் உள்ளே ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்துகள். ஆக 22 குறியீடுகளுக்கு மேல் இடமில்லை. புள்ளியும் கொம்பும் தனித்தனியே கணக்கில் சேரும். நீண்ட தலைப்புகள் நடுவில் அறுந்தன. ஆகவே முகவரிகளைச் சுருக்கமாக நாங்களே அமைத்தோம். பழைய முகவரிகளை ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் தந்திருப்பவர்கள் உண்டு என்பதால், அவற்றுக்கு வருவோரைப் புதிய பக்கத்திற்குத் தானே அனுப்பும்படி 400 வரிகள் கொண்ட பட்டியல் ஒன்றையும் வழங்கியில் வைத்தோம்.

இவையெல்லாம் உழைப்பால் தீர்ந்தவை. உழைப்பால் மட்டும் தீராதது ஒன்று இருந்தது.

நண்பர் எழுதிய நிரல், பழைய கோப்புகளில் இருந்த எழுத்துருக் குறிகள், அட்டவணைகள், வெற்றிடக் குறிகள் அனைத்தையும் களைந்து, எழுத்தை மட்டும் எடுத்துத் தரும். உரைநடைக்கு அது போதும். கவிதைப் பக்கங்களை மட்டும் நிரலில் இடுவதற்கு முன் ஒருமுறை திறந்து படித்துவிடுவது என முடிவு செய்திருந்தோம். அப்படிப் படிக்கையில், 2009இல் மறைந்த கவிஞர் ஒருவரின் பக்கத்தில், உலாவி திரையில் காட்டாத, மூலத்தைத் திறந்தால் மட்டுமே தெரியும் குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. இந்த வரி நூலில் உள்ளது போலன்று. கவிஞர் தொலைபேசியில் சொன்னபடி உள்ளே தள்ளி அமைத்திருக்கிறது. மாற்ற வேண்டாம் என்பது அதன் சாரம்.

அச்சு நூலில் அவ்வரி மற்ற வரிகளோடு சேர்ந்தே நிற்கிறது. தளத்திலோ எட்டு வெற்றிடக் குறிகளுக்குப் பின்னே தனித்து நிற்கிறது. அந்த எட்டு வெற்றிடங்களுக்குள் கவிதையின் தொனியே மாறுகிறது; கூற்றாக இருந்த வரி, தயக்கமாகிவிடுகிறது. பதிப்பாளரிடம் கேட்டோம். "அவர் புத்தகம் வந்தப்புறமும் திருத்திக்கிட்டேதான் இருப்பார். இந்த வரியப் பத்தி எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். கவிஞரின் இறுதி விருப்பத்துக்கு உலகில் எஞ்சிய ஒரே சாட்சி அந்தக் குறிப்புத்தான். நிரல் அதைக் களைந்திருந்தால், களைந்தது எவருக்கும் தெரிந்தே இராது.

எல்லாக் கோப்புகளையும் தேடியதில் இத்தகைய குறிப்புகள் 30க்கும் மேல் கிடைத்தன. அச்சுப்பிழை இது, ஆசிரியர் ஒப்புக்கொண்டார். இந்த ஆண்டு தவறு, முதற்பதிப்பைப் பார்க்க. முகமறியாத அந்த இளைஞர், தம்மையறியாமலே பதிப்பாசிரியராக இருந்திருக்கிறார்.

எழுத்து வேறு, தோற்றம் வேறு என்னும் கொள்கை விலைப்பட்டியலுக்குப் பொருந்தும். கவிதையில் வெற்றிடமும் எழுத்தே. 2018 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 5.0 தொட்டு, இடைவெளிகளை அப்படியே காக்கும் செய்யுள் கட்டம் ஒன்று உண்டு. கவிதைகளை அதில் அமைத்தோம். 'பதிப்புக் குறிப்பு' என்று புதிய கட்டமொன்றையும் உண்டாக்கி, மறைந்துகிடந்த குறிப்புகளை வாசகர் காணும்படி வெளியே கொணர்ந்தோம். எந்தெந்தக் கட்டங்கள் வேண்டும் என்று முடிவு செய்வதுதான் தளம் பெயர்ப்பதில் தலையாய வேலை. கட்டம் இல்லாதது அடுத்த தலைமுறைக்குச் செல்லாது.

பதிப்பாளர் இப்போது விலைகளைத் தாமே மாற்றிக்கொள்கிறார். பழைய கோப்புகள் அனைத்தையும் ஒரு குறியும் மாற்றாமல் வழங்கியில் தனி அடைவிலும், பதிப்பக அலமாரியில் ஒரு வட்டிலும் வைத்திருக்கிறோம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அச்சேறிவிட்டதென்று சுவடிகளை எறிந்துவிடவில்லை. அவர் தேடிச் சேர்த்த ஏடுகளைச் சென்னைப் பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் இன்றும் காணலாம். பெயர்த்தெழுதியவன் எவ்வளவு கவனமானவனாக இருந்தாலும், அவன் காணத் தவறியதை நாளை ஒருவர் காணக்கூடும். அவருக்காக மூல ஏடு இருந்தாக வேண்டும்.