கேழ்வரகு தந்தவர்கள்

"நம்ம ஊரிலேயே ஆயிரம் கஷ்டம் கிடக்கு. ஆப்பிரிக்காவுக்கு எதுக்கு சாமி?" என்று எங்கள் பங்கின் பெரியவர் ஒருவர் கேட்டார். எம் பங்கில் பிறந்து, சாம்பியா நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றிவரும் அருட்சகோதரி ஒருவர் 2024ஆம் ஆண்டு ஜூலையில் விடுமுறைக்கு வந்திருந்தார். ஞாயிறு திருப்பலிக்குப்பின் அந்நாட்டு வறட்சியைப் பற்றிப் பேசி, அங்குள்ள ஏழை உழவர்களின் பயிற்சிக்காக உதவியும் கேட்டார். அதையொட்டி எழுந்ததே அக்கேள்வி. கேட்டவர் கையிறுக்கமானவர் அல்லர். நான்கு ஏக்கர் புன்செய்யை நம்பி வாழும் உழவர். பங்கில் எந்த வீட்டில் சாவு நேர்ந்தாலும் முதலில் சென்று நிற்பவர். அத்தகையவரின் கேள்விக்குக் கோவில் வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் மறுமொழி சொல்லிவிட இயலாது. ஆகவே, இங்கே சற்று விரிவாக எழுத விழைகிறேன்.

அப்பெரியவர் நாள்தோறும் காலையில் குடிப்பது கேழ்வரகுக் கூழ். அந்தக் கேழ்வரகு எங்கிருந்து வந்தது? கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களில், எத்தியோப்பியா, உகாண்டா என்று இன்று நாம் அழைக்கும் பகுதிகளில், காட்டுப் புல்லாக இருந்ததை அங்குள்ள உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து விதைத்துத் தானியமாக்கினார்கள். சோளமும் அவ்வாறே ஆப்பிரிக்காவில் பிறந்தது. கம்பு சகாராப் பாலைவனத்தின் தென் விளிம்பில் பயிராக்கப்பட்டது. குழம்புக்கு நாம் இடும் தட்டைப்பயறும் அக்கண்டத்தின் கொடையே. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவை கடல் கடந்து நம் நாட்டை அடைந்து, நம் மானாவாரி நிலங்களுக்கு உரியவையாகிவிட்டன. நஞ்செய் இல்லாத ஏழைத் தமிழனின் அடுப்பில் பல நூற்றாண்டுகளாக உலை வைத்தவர்கள், ஒருவகையில், பெயர் தெரியாத அந்த ஆப்பிரிக்க உழவர்களே. நாம் அவர்களுக்கு ஏதேனும் அனுப்பினால், அதைத் தருமம் என்று சொல்வதா, கடனைத் திருப்புதல் என்று சொல்வதா என்பது எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவு தானியங்களைப் படைத்தவர்களுக்கு இன்று பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். சரியான கேள்விதான். பசித்தவனுக்கு மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக்கொடு என்று மேடைகளில் சொல்கிறோம். அந்த வாசகத்தின்மீது எனக்கு அவ்வளவாகப் பற்றில்லை. ஏழை ஒன்றும் அறியாதவன் என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. சாம்பியாவின் உழவர்கள் அறியாமையால் வறியவர்களானவர்கள் அல்லர்.

நடந்தது வேறு. அமெரிக்கக் கண்டத்துப் பயிரான மக்காச்சோளம் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் செம்புச் சுரங்க நகரங்களின் உணவாகப் பரவியது. 1964இல் நாடு விடுதலை பெற்றபின், அரசு அதை நாடெங்கும் ஒரே விலைக்குக் கொள்முதல் செய்து, உரத்தையும் விதையையும் மலிவாக வழங்கியது. நோக்கம் நல்லதே. ஆனால் கேழ்வரகும் சோளமும் விளைந்த வயல்களிலெல்லாம் மக்காச்சோளமே நின்றது. நம் களியைப்போல் அவர்கள் கிண்டும் 'நிஷீமா'வும் மக்காச்சோள மாவிலேயே ஆனது. 1970களின் நடுப்பகுதியில் உலகச் சந்தையில் செம்பின் விலை சரிந்தது. அரசின் கை வறண்டது. 1991இல் வந்த புதிய அரசு, கடன் கொடுத்தவர்களின் நெருக்குதலுக்கு இணங்கி மானியங்களை விலக்கியது. உழவன் கையில் எஞ்சியது, உரமின்றி விளையாத பயிரும் உரத்தால் புளித்துப்போன மண்ணும்தான். அதே ஆண்டுகளில் எயிட்ஸ் நோய் ஊர் ஊராகக் குடும்பத் தலைவர்களைக் கொண்டுசென்றது. கணவன் இறந்தால் ஏரும் மாடும் பாத்திரமும்கூட அவன் உறவினர் கைக்குப் போகும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. கைம்பெண்ணையும் பிள்ளைகளையும் காக்க 1989இல் சட்டம் வந்தது. ஆனால் ஊர்மரபின்படி ஆளப்படும் நிலத்துக்கு அது பொருந்தவில்லை. ஒரு மண்வெட்டியும் நான்கு பிள்ளைகளுமாக நிற்கும் தாய்மார்களைப் பற்றியே அருட்சகோதரி எங்களிடம் அதிகம் பேசினார்.

இந்நாட்டில் திருச்சபையின் பணி தொடக்கத்திலிருந்தே மண்ணோடு கலந்திருந்தது. 1905இல் சிக்குனியில் மறைத்தளம் அமைத்த இயேசு சபைக் குரு மொரோ, தொங்கா மக்களுக்கு நற்செய்தியோடு மாடு பூட்டிய ஏரையும் அறிமுகம் செய்தார். 1974இல் அதே சபையினர் தலைநகர் லுசாகாவுக்கு அருகில் கசிசி என்னுமிடத்தில் ஒரு வேளாண் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினர். உழவர்களைக் குடும்பத்தோடு தங்கவைத்துக் கற்பிப்பது அதன் தொடக்க கால முறை. களையெடுப்பதும் விதை காப்பதும் பெண்களாயிருக்க, கணவனுக்கு மட்டும் பாடம் நடத்துவதில் என்ன பயன்?

கசிசியைப் பற்றி நான் மிகவும் மதிப்பது, கற்பித்தவர்களே தங்கள் பாடத்தை மாற்றிக்கொண்டதுதான். முதலில் அவர்களும் அக்காலத்து வழக்கப்படி கடை உரத்தையும் கலப்பின விதையையும் கொண்டே பயிற்சி அளித்தார்கள். உரம் வாங்க வழியற்று உழவர்கள் தத்தளிப்பதைக் கண்டபின், 1990களில் இயற்கை வேளாண்மைக்குத் திரும்பினார்கள். மாட்டுச்சாணம், மட்கு, ஊடுபயிர், பயிர்ச்சுழற்சி, பசுந்தாள் உரம் ஆகியவையே புதிய பாடங்கள்.

அந்தப் பசுந்தாள் உரங்களில் முதன்மையானது எது தெரியுமா? சணப்பு! நம் நாட்டில் நாம் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழும் அதே சணப்புத்தான். இந்தியாவே அதன் தாயகம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரிலும் நம் நாட்டுச் 'சணம்' என்ற சொல்லே இருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரசனை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்குத் தரும் அச்செடி, இன்று சாம்பியாவின் மக்காச்சோள வயல்களில் மஞ்சளாகப் பூக்கிறது. அவர்கள் தந்த கேழ்வரகு இங்கே. நம்முடைய சணப்பு அங்கே. இச்செய்தியைக் கேட்டபோது எங்கள் பெரியவர் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் கவனித்தேன்.

அந்நாட்டுக்கே உரிய 'முசங்கு' என்ற மரமும் இப்பணிக்கு உதவுகிறது. வேலமர இனத்தைச் சேர்ந்தது. மழைக்காலத்தில் மற்ற மரங்கள் தழைக்கும்போது இது இலையுதிர்த்து நிற்கும். எனவே பயிருக்கு நிழல் விழாது. உதிர்ந்த இலை எருவாகும். கோடையில் அதன் காய் கால்நடைக்குத் தீனியாகும். இதைப் புதிதாக எவரும் கொண்டுவரவில்லை. முதியோர் அறிந்த மரந்தான்.

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று எழுதினால் அது விளம்பரமாகிவிடும். ஏரும் மாடும் இல்லாதவர்களுக்கு ஒரு முறை கற்பிக்கப்படுகிறது: கோடையிலேயே வயல் முழுவதும் சிறு குழிகள் வெட்டி, அவற்றில் மட்டும் எருவும் விதையும் இடுவது. முதல் மழை நீர் குழியில் தங்குவதால், மழை பொய்த்த ஆண்டிலும் ஓரளவு விளையும். உண்மையே. ஆனால் ஓர் எக்டேருக்கு 15,000க்கும் மேற்பட்ட குழிகள் வேண்டும். காய்ந்து இறுகிய நிலத்தில் அவற்றை வெட்டுபவள் பெரும்பாலும் பெண். அறையில் அமர்ந்து திட்டம் தீட்டுபவர்கள் ஒரு நாளாவது அம்மண்வெட்டியைப் பிடித்துப் பார்ப்பது நல்லது.

2002ஆம் ஆண்டு இதனினும் கடுமையான சோதனை வந்தது. தென் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பஞ்சம். சாம்பியாவில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உணவின்றித் தவித்தனர். அமெரிக்க உதவியாக வந்த மக்காச்சோளத்தில் மரபணு மாற்றப்பட்ட தானியம் கலந்திருந்தது. கசிசி நிலையமும், லுசாகாவிலுள்ள இயேசு சபையின் இறையியல் ஆய்வு மையமும் இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டு, சிறு உழவர்களுக்கு அதனால் நேரக்கூடிய இன்னல்களை எடுத்துரைத்தன. அண்டை நாடுகள் சில, மாவாக அரைத்துக் கொடுத்தால் ஏற்போம் என்றன. சாம்பியாவின் குடியரசுத் தலைவர் முவனவாசா மாவையும் மறுத்தார். பசித்திருப்பவர் முன்னிருந்து தானியத்தை எடுத்துக்கொண்டு போவதா என்று உலகெங்கும் கண்டனம் எழுந்தது. மாவையும் மறுத்தது எனக்கு உடன்பாடான செயல் அன்று. ஆயினும் அந்தக் குருக்களின் அச்சம் வீணானது என்று சொல்ல மாட்டேன். உழவன் வீட்டில் தானியம் உணவு மட்டும் அன்று. ஒரு பிடியை எடுத்துவைத்து விதைப்பான். விதை அடுத்தவன் உரிமையாகிவிட்டால், அவன் தன் நிலத்திலேயே குத்தகைக்காரன்.

எங்கள் அருட்சகோதரி பணியாற்றும் ஊர்களில் பெண்கள் ஒரு சேமிப்புக் குழுவும் நடத்துகிறார்கள். நம் மகளிர் குழுவைப் போன்றதே. ஆனால் வங்கியும் இல்லை, வெளிக்கடனும் இல்லை. ஓர் இரும்புப் பெட்டிக்கு மூன்று பூட்டுகள். மூன்று திறவுகோல்களும் மூன்று பேரிடம். எல்லாரும் கூடினாலன்றிப் பெட்டி திறக்காது. வாரந்தோறும் இட்ட சிறு தொகையை, விதைப்புக் காலத்தில் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்து, ஆண்டு முடிவில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கத்தோலிக்கத் துயர்துடைப்புப் பணி என்ற அமெரிக்க அமைப்பு இம்முறையை ஆப்பிரிக்காவெங்கும் பரப்பி வருகிறது.

1943இல் போர் அகதிகளுக்காகத் தொடங்கப்பட்ட அதே அமைப்பு, ஒரு காலத்தில் நம் பள்ளிகளுக்கும் வந்தது. எழுபதுகளின் இறுதியில், எங்கள் பங்குப் பள்ளியில் நண்பகல்தோறும் எனக்குக் கிடைத்த கோதுமை உப்புமா, அமெரிக்க அரசின் உபரித் தானியத்தை அவர்கள் கொண்டுவந்து சேர்த்ததால் கிடைத்தது. நம் ஊரில் குறை தீர்ந்த பிறகுதான் அடுத்தவருக்கு என்று அந்நாட்டவர் இருந்திருந்தால், எங்கள் வகுப்பில் பலர் பட்டினியோடுதான் பாடம் கேட்டிருப்போம். எருசலேமின் ஏழைகளுக்காகப் புனித பவுல் காணிக்கை திரட்டியபோது, தாங்களே கொடிய வறுமையில் இருந்த மாசிதோனியச் சபையினர் வலிய வந்து கொடுத்ததை அவர் கொரிந்தியருக்கு எடுத்துக்காட்டுகிறார். செல்வர்களான கொரிந்தியரோ ஓர் ஆண்டுக்கு முன்பே வாக்களித்தும் கொடுத்து முடிக்காமல் இருந்தனர்!

2024 பெப்ருவரி 29 அன்று சாம்பியா அரசு வறட்சியைத் தேசியப் பேரிடர் என அறிவித்தது. ஏறத்தாழ 22 இலட்சம் எக்டேரில் விதைத்த மக்காச்சோளத்தில் 10 இலட்சம் எக்டேர் கருகிப்போயிருந்தது. அருட்சகோதரி எங்களிடம் வந்தது அதன் பின்னரே. எங்கள் பங்கில் நான்கு ஞாயிறுகள் பிடி அரிசி சேர்த்து விற்ற பணமும், உண்டியலில் விழுந்ததும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. பெருந்தொகை ஒன்றுமில்லை.

அதைக்கொண்டு பன்னிரண்டு குடும்பங்களின் பயிற்சிச் செலவையும், சணப்பு, தட்டைப்பயறு விதைகளையும் பார்த்துக்கொண்டதாக எழுதியிருந்தார். ஒரு படி விதை பெற்றவர், அறுவடைக்குப்பின் இரண்டு படியாகக் குழுவிடம் திருப்பித்தர வேண்டும் என்று அப்பெண்களே விதி வகுத்தார்களாம். நவம்பரில் மழை தவறாமல் இறங்கியது. 2025இல் நாடெங்கும் விளைச்சல் நன்றாயிருந்தது. பன்னிரண்டில் பத்துக் குடும்பங்கள் விதையைத் திருப்பித் தந்துவிட்டன. ஒரு வீட்டில் தாய் நோயில் விழுந்தாள். மற்றொரு வீட்டார் தின்றுவிட்டார்கள். அந்த இரண்டு வீடுகளையும் இவ்வாண்டும் பட்டியலில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டு எழுதினேன். "வைத்திருக்கிறோம், சுவாமி. அவர்களுக்குத்தான் முதலில் கொடுத்தோம்" என்று மறுமொழி வந்திருக்கிறது.