எண் எங்கே முடிகிறது?

ஏ9 வீதியில் கிளிநொச்சி நகரைத் தாண்டித் தெற்கே போனால் அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பக்கத்து வாடகை வீடொன்றின் முன்னறையில் மூன்று இளம் நிரலாளர்கள் வேலை செய்கிறார்கள். பகலில் வெளியாருக்கு ஒப்பந்த வேலை. பின்னேரங்களில் தங்கள் சொந்தக் கணக்குக் கருவி. அதில் பொத்தானும் இல்லை, படமும் இல்லை. கறுப்புத் திரையில் கணக்கை ஒரு வரியாக எழுதி என்டர் தட்டினால் கீழே விடை வரும். பழைய லப்டொப்பிலும், இணைய இணைப்பு இல்லாத கிராமத்திலும் ஓடும். அதற்காகவே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள்.

கூட்டல் கழித்தலில் கோளாறு இருக்கவில்லை. எண்ணைப் படிப்பதில்தான் இருந்தது. அதைத் திருத்தும் வேலையைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

பிழையைக் கண்டுபிடித்தவர் நிரலாளர் அல்ல, கமக்காரர் அமைப்பொன்றின் பொருளாளர். குழுவில் இருக்கும் பெண்ணின் தகப்பன். காலபோகத்து உரச் செலவைக் கூட்ட அவர் தட்டச்சு செய்தது 1,50,000/= என்று. நம் ஊரில் காசை வேறெப்படி எழுதுவார்கள்? கடைச் சிட்டையிலும் கலியாண வீட்டு மொய்க் கொப்பியிலும் கடைசியில் அந்தச் சாய்கோடும் இரட்டைக்கோடும் இல்லாமல் தொகை முடிவதில்லை. கருவி அந்த ஒன்றரை லட்சத்தை 1 என்று எடுத்துக்கொண்டது. எச்சரிக்கையும் இல்லை, மறுப்பும் இல்லை. மற்றத் தொகைகளோடு அந்த ஒன்றையும் சேர்த்துக் கூட்டி விடையைக் காட்டியது.

“அவர் பழைய ஆள், கையாலயும் கூட்டிப் பாத்திருக்கிறார் அண்ணை. இல்லாட்டி ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது” என்றார் மகள்.

காரணம் எளிது. கருவி சி மொழியில் எழுதப்பட்டது. எழுத்துகளை எண்ணாக்க அந்த மொழியில் பழைய வழி ஒன்று உண்டு, பெயர் ஏடூஎஃப். இடமிருந்து வலமாகப் படித்துப் போகும், எண்ணுக்கு உரியதல்லாத எழுத்து வந்த இடத்தில் நிற்கும், அதுவரை படித்ததைத் தரும். எங்கே நின்றது என்று சொல்லாது. 1க்குப் பிறகு கொமா வந்தது, நின்றது, ஒன்றைத் தந்தது. கொழும்பு முறையில் 150,000 என்று எழுதியிருந்தால் 150 கிடைத்திருக்கும். அதே மொழியில் எஸ்.டி.ஆர்.டூ.டி என்று இன்னொன்று இருக்கிறது. அது எண்ணோடு சேர்த்து, தான் நின்ற இடத்தையும் தரும். அந்த இடத்துக்குப் பிறகு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் திருத்தத்தின் முதற்படி. பத்து வரிகூட வராது. ஆனால் மிச்சம் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி இந்த மூவரையும் வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கிறது.

மேசையில் ஒரு 80 பக்கக் கொப்பி கிடந்தது. நான் அதிக நேரம் செலவழித்தது அதோடுதான். ஊரில் எண்கள் எப்படியெல்லாம் எழுதப்படுகின்றன என்று பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். அரிசி ஆலைச் சிட்டை, பஸ் ரிக்கற், உறுதிப் பத்திரம், நீர்மட்டக் குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு நிரல்: எழுதியவர் நினைத்தது என்ன, கருவி படித்தது என்ன. ஒரு பக்கத்தில் 2-1-20 என்று இருந்தது. 2 ஏக்கர், 1 றூட், 20 பேர்ச் காணி. ஒரு ஏக்கருக்கு 4 றூட், ஒரு றூட்டுக்கு 40 பேர்ச் என்பதால் அது 2.375 ஏக்கர். கருவி கழித்துப் பார்த்து −19 என்றது. கணக்குப்படி அதுவும் சரிதான். காணிக்காரருக்கு அது எந்தப் பிரயோசனமும் இல்லாத சரி.

அந்தச் சிறு கோடு உள்ளேயும் தலையிடி கொடுக்கிறது. 3-2 என்று எழுதினால் அது மூன்றிலிருந்து இரண்டைக் கழிப்பதா, அல்லது மூன்றும் மறை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதா? எண்ணைப் பிரித்தெடுக்கும் பகுதி கோட்டையும் எண்ணோடு விழுங்கினால் கழித்தலே காணாமற் போய்விடும். ஆகவே கோட்டை எண்ணோடு சேர்க்காமல் தனிக் குறியாகவே எடுத்து, அதன் பொருளை அடுத்த கட்டத்துக்கு விட்டிருக்கிறார்கள். அங்கே இன்னொரு வழக்கு. மறை இரண்டின் வர்க்கத்தை அடைப்பு இல்லாமல் -2^2 என்று எழுதினால் யுனிக்ஸ் உலகின் பழைய கணிப்பான் பீ.சீ. 4 என்கிறது, பைதன் மொழி தன் அடுக்குக்குறியில் −4 என்கிறது. இவர்கள் −4 பக்கம் நின்றுவிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது அதுதான் என்பதால். எனக்கும் அது சரியாகவே பட்டது. கட்டளை வரியில் −5 என்று தொடங்கினால், கோட்டோடு வரும் சொல் ஒரு தெரிவு என்று நினைத்துக் கருவி குழம்பும் சிக்கல் வேறு. அதற்கு முன்னால் இரண்டு கோடு போடுவது பழைய வழக்கம். இங்கே கோட்டுக்குப் பிறகு இலக்கம் வந்தால் எண்ணென்றே எடுக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சங்கடங்கள் கிளிநொச்சிக்கு மட்டும் உரியவை அல்ல. அந்தப் பீ.சீ.யை ரொபர்ட் மொரிசும் லொரிண்டா செரியும் 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் எழுதினார்கள். அதன் இன்றைய குனூ பதிப்பில் பத்தடிமானத்தில் எஃப் என்று ஒற்றை எழுத்துத் தந்தால் 15. எஃப்எஃப் என்று இரண்டு தந்தால் 99. அடிமானத்தை மிஞ்சிய இலக்கம் பல இலக்க எண்ணில் வந்தால் அதை 9ஆகக் குறைத்துவிடுவது அதன் விதி. கையேட்டில் எழுதியிருக்கிறது, எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? பாஷ் என்ற கட்டளை ஓட்டில் பூச்சியத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண். மாத இலக்கத்தை 01, 02 என்று எடுத்துக் கணக்குப் போடும் நிரல் 07 வரை ஒழுங்காக ஓடும். 08 வந்ததும், இந்த அடிமானத்தில் எட்டு இல்லை என்று நின்றுவிடும். ஓகஸ்டில்தான் தெரியும். எட்டடிமானம் வசதியாக இருந்த பழைய இயந்திரங்களின் காலத்து வழக்கம், சி மொழி வழியாக இன்றைக்கும் பிழைத்திருக்கிறது.

2011 ஜனவரியில் ரிக் ரீகன் என்பவர் இன்னும் கடுமையான ஒன்றைக் கண்டார். 2.2250738585072011 என்ற எண்ணைப் பத்தின் −308ஆம் அடுக்கால் பெருக்கி எழுதிக் கொடுத்தால், சில கணினிகளில் பிஎச்பி மொழி அதைப் படிக்கப் போய் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கணக்கே தொடங்கவில்லை, படிப்பதிலேயே இயந்திரம் தூங்காமல் தவித்தது. அடுத்த மாதமே ஜாவாவிலும் அதற்கு மிக அருகிலிருந்த எண்ணுக்கு அதே கதி. எண்ணைப் படிப்பதைச் சின்ன வேலை என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

மூவரில் பரந்தன்காரத் தம்பிக்குத் தமிழ் இலக்கங்கள்மேல் பிரியம். ௧௨ என்று கொடுத்தால் பைதன் 12 என்று வாங்கிக்கொள்கிறது. அவர்களுடைய கருவி வாங்கவில்லை. தமிழில் பூச்சியத்துக்கான குறியீடு யுனிகோடில் ஏறியதே 2005இல்தான். அதற்கு முன்பே ஏறியிருந்த ௰, ௱, ௲ இட மதிப்பு முறைக்கு அடங்காதவை. ௨௰ என்பது இருபது, 2க்குப் பக்கத்தில் இன்னொரு இலக்கம் அல்ல. “பத்து இலக்கத்தையும் இப்ப சேர்த்திட்டம். ௰ வந்தா வாங்காது. அதை ஒழுங்காச் செய்யப் பிறகு ஒருநாள் இருந்து எழுதவேணும்” என்றார். அரைகுறையாகச் சேர்க்காமல் விட்டதற்காகவே அவரை மெச்சத் தோன்றியது.

அன்று பின்னேரம் வாக்குவாதம் கொமாவைப் பற்றி. மூத்தவர் சொன்னது: கொமாக்களை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டுப் படிக்கலாம், 1,50,000உம் 150,000உம் ஒன்றாகிவிடும். பெண் ஒப்பவில்லை.

“1,5 எண்டு அடிச்சா? ஐரோப்பாவில இருக்கிற சித்தப்பா ஒண்டரையை அப்பிடித்தான் எழுதுவார். கொமாவை எடுத்தா பதினைஞ்சாப் போயிடும். பத்து மடங்கு பிழை, ஆருக்கும் தெரியாது.”

“அப்ப என்ன செய்யிறது, பிள்ளை?” என்று கேட்டேன்.

“கடைசிக் கொமாவுக்குப் பிறகு மூண்டு இலக்கம் வரவேணும். அதுக்கு முன்னால எல்லாம் இரண்டு இரண்டா வரலாம், இல்லாட்டி மூண்டு மூண்டா வரலாம். கலந்து வந்தா, குறைஞ்சு வந்தா, விளங்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு நிக்கவேணும்.”

நான் அவர் கட்சி. விளங்காததை விளங்கியதுபோல் நடந்துகொள்ளும் கருவியை ஒரு பொருளாளரின் மேசையில் வைக்கக்கூடாது. மறுத்தால் மனிதர் இன்னொரு தரம் தட்டுவார், அவ்வளவுதான். பிழையாக வாங்கிக்கொண்டால் கமக்காரரின் பங்குப் பணத்தில் பிழை ஏறும், அதைப் பிறகு எந்தக் கொப்பியில் தேடுவது? மறுக்கும் செய்தியிலும் அவர்கள் கவனமாக இருந்தார்கள். வெறுமனே பிழை என்று சொல்லாமல், எழுதிய வரியை அப்படியே திருப்பிக் காட்டி, படிப்பு நின்ற எழுத்துக்குக் கீழே கருவி ஓர் அம்புக்குறி வைக்கிறது. தொகையின் இறுதியில் வரும் /= மட்டும் தொகையின் பகுதியாக ஏற்கப்படும். நடுவில் வந்தால் சாய்கோடு வகுத்தல்தான்.

ஒவ்வொரு முடிவும் ஒரு சோதனை வரியாகிறது: இன்ன எழுத்து வந்தால் இன்ன எண், அல்லது இன்ன இடத்தில் மறுப்பு. குறியீட்டில் எதைத் தொட்டாலும் எல்லா வரிகளும் திரும்ப ஓடும். கொப்பியின் பக்கங்கள் அப்படியே அந்தச் சோதனைக் கோப்புக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

மிச்சமிருந்தது இரணைமடுக் குளத்துக் கணக்கு. வன்னிக் குளங்களின் நீர்மட்டம் அடியிலும் அங்குலத்திலும்தான் சொல்லப்படுகிறது, முத்தையன்கட்டானாலும் வவுனிக்குளமானாலும். குறித்து வைப்பவர்களில் சிலர் 34 அடி 10 அங்குலத்தை 34.10 என்று எழுதிவிடுகிறார்கள். தசமமாகப் படித்தால் 34.10 என்பது 34.9ஐவிடக் குறைவு. குளத்தில் அது ஓர் அங்குலம் கூட. 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சனத்துக்கு, மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மாற்றிச் சொல்லும் கருவி வேண்டாம். புள்ளியைப் பார்த்து ஊகிப்பதில்லை என்று மூவரும் ஒருமித்துத் தீர்மானித்தார்கள். வெறும் 34.10 எப்போதும் தசமம். அடிக் கணக்கு வேண்டுமென்றால் 34அடி10அங் என்று அலகோடு எழுதவேண்டும். காணிக்கும் அப்படியே, 2ஏ1றூ20பே. நான் கிளம்பும்போது பெண் கடைசியாகச் சேர்த்துக்கொண்டிருந்த சோதனை வரி 34அடி13அங். பன்னிரண்டுக்கு மேல் அங்குலம் வந்தால் அதை 35 அடி 1 அங்குலமாக்கிக் கொள்வதா, மறுப்பதா என்று மூத்தவர் கேட்டார். மறுக்கவேண்டும், குறிப்பெடுத்தவர் எங்கேயோ பிழை விட்டிருக்கிறார் என்றார் பெண். மறுப்பென்றே எழுதி ஓட்டினார்கள்.