ஹீட்டரைத் திருகினால் ஐஸ் காற்று

ஊட்டி என்றதும் உங்களுக்கு ரோஜாப் பூங்கா, படகுச் சவாரி, வர்க்கி எல்லாம் ஞாபகம் வரும். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஜனவரி மாதக் காலையில் கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுவதுதான் ஞாபகம் வரும் :)

"காரில் ஹீட்டர் எதுக்குடா, இன்ஜின் சூடே போதாதா?" என்று கோயமுத்தூர் நண்பன் ஒருவன் கேட்டான். கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் அவன் சொன்னது சரிதான். கார் ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு எதுவும் கிடையாது. இன்ஜினைச் சுற்றி வந்து சூடான கூலன்ட் தண்ணீரில் கொஞ்சம், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாக ஓடும். அதற்கு ஹீட்டர் கோர் என்று பெயர். அதன் மேல் ஃபேன் காற்றை ஊதும். அவ்வளவுதான். வீணாகப் போகும் சூட்டை நாம் ஓசியில் வாங்கிக்கொள்கிறோம். காமர்ஸ் படிக்கிறவன் பாஷையில் சொன்னால் பை-ப்ராடக்ட்.

போன டிசம்பரில் அந்த ஓசிச் சூடு நின்றுபோனது. எங்களுடையது பழைய டீசல் கார். அப்பா வாடகைக்கு ஓட்டுகிறார். ஹீட்டரை முழுதாகத் திருகினாலும் ஜில்லென்றுதான் வந்தது. "ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்று அப்பா விஷயத்தை முடித்துவிட்டார்.

பாட்டிக்கு ஆஸ்துமா. கோவை ஆஸ்பத்திரியில் காலை 8 மணிக்கு டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினோம். காருக்குள் நான்கு பேர். நான்கு பேர் மூச்சிலும் இருக்கிற ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. அப்பா ஒரு கையில் ஸ்டியரிங்கும் இன்னொரு கையில் துணியுமாக ஓட்டினார். துடைத்த இடம் அரை நிமிஷத்தில் மறுபடி வெள்ளையானது. அருவங்காடு தாண்டி ஒரு வளைவில் "அப்பா!" என்று கத்தினேன். ரோட்டின் நடுவில் கரேலென்று ஒரு காட்டெருமை. நாலைந்து அடி தள்ளி வண்டி நின்றது. அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் ஓட்ட முடிந்தது. குளிர்காற்றில் பாட்டிக்கு இழுப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்த பிறகுதான் மூச்சு சீரானது. திரும்பி வரும்போது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை பானெட்டைத் திறந்துகொண்டு நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

முதலில் கூலன்ட் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜின் என்பதால் தைரியமாக ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். (சூடாக இருக்கும்போது திறந்துவிடாதீர்கள். குக்கரை விசில் வரும்போது திறப்பது மாதிரி, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.) நிறையவே இருந்தது. அடுத்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தோம். இரண்டும் நல்ல சூடாக இருந்தால் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறது, காற்றைத் திருப்பிவிடும் கதவிலோ அதன் கேபிளிலோ கோளாறு என்று அர்த்தம். ஒன்று சூடு, ஒன்று ஜில் என்றால் ஹீட்டர் கோரில் அடைப்பு, அல்லது வால்வு மூடியிருக்கிறது. எங்களுக்கு இரண்டுமே வெதுவெதுப்புதான். டெம்பரேச்சர் முள்ளும் கீழேயே படுத்திருந்தது. அப்பா இன்னொன்றும் சொன்னார்: "மேடு ஏறும்போது லேசா சூடு வருதுடா, இறங்கும்போதுதான் சுத்தமா வரல." ஆக, இன்ஜினே சூடாகவில்லை!

ஏன் என்பதற்கு விடை பானெட்டுக்குள் இல்லை, அப்பாவின் டீசல் நோட்டில் இருந்தது. ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதி வைப்பார். காஸ்ட் அக்கவுண்டிங் படித்த புண்ணியத்தில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். மே மாதம் வரை லிட்டருக்கு 17 கிலோமீட்டர். அதற்கப்புறம் 15, சில வாரம் அதற்கும் கீழே. மே மாதம் என்ன நடந்தது? மலை ஏறும்போது இன்ஜின் கொதித்துப்போய், சமவெளியில் ஒரு பட்டறையில் ரிப்பேர் பார்த்தோம். "தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டேன் சார், இனிமே சூடே ஏறாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு வாசல்காரன். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டர் பக்கம் தண்ணீரைப் போகவிடாது. உள்ளே ஒரு சின்ன டப்பாவில் மெழுகு இருக்கும். சுமார் 82 டிகிரி வந்ததும் அது உருகி விரிந்து கதவைத் திறக்கும். வாசல்காரனே இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டரில் போய் ஆறிக்கொண்டே இருக்கும். ஊட்டிக் குளிரில் கேட்கவேண்டுமா? இன்ஜின் ஆறிப்போய் ஓடினால் டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

உள்ளூர் மெக்கானிக் அண்ணன் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மூடினபடியே சிக்கியிருக்கும் தம்பி, அதான் கொதிச்சிருக்கு. புதுசு மாத்தியிருக்கணும். கதவு திறக்கலைன்னா கதவையே பேத்து எறிவாங்களா?"

புது தெர்மோஸ்டாட் 480 ரூபாய், கேஸ்கட் 40, கூலன்ட் 560. மாட்டுவதற்கு முன் பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கம்பியில் கட்டி அடுப்பில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இருந்தாலும் 82-க்கு அது போதும். மெதுவாகத் திறந்தது. "சமையல்கட்டுல என்னடா கருமம் இது?" என்ற அம்மாவின் குரலும் கூடவே வந்தது.

ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்க்கும்படி அண்ணன் மாட்டினார். அதன்பின் வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி மேட்டில் நிறுத்தி (இங்கே மேட்டுக்கா பஞ்சம்!), ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் செய்தார். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. குறையக் குறைய ஊற்றி, குமிழ் நின்றதும் மூடினார். உள்ளே காற்று தங்கிவிட்டால் மறுபடி ஐஸ் காற்றுதானாம். பழையபடி கொதிக்கிறதா என்று பார்க்க குன்னூர் போய் ஏறி வந்தோம். முள் நடுவில் அசையாமல் நின்றது. ஹீட்டரில் கை வைத்தேன். சுட்டது.

கூலி 300 சேர்த்து மொத்தம் 1380 ரூபாய். மே மாதத்தில் புதிது போடாமல் மிச்சம் பிடித்ததைவிட, ஏழு மாதத்தில் கூடுதலாகக் குடித்த டீசல் பல மடங்கு. இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு, "டீசல் கிடக்குதுடா. அன்னைக்கு அந்த எருமை இன்னும் ரெண்டடி முன்னாடி நின்னிருந்தா?" என்றார். அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று என் சிலபஸில் இல்லை.

அடுத்த மாதமும் பாட்டியை அழைத்துக்கொண்டு அதே நேரத்துக்குக் கிளம்பினோம். அருவங்காடு வரும்முன்பே பாட்டி ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "வேர்க்குதுடா, கொஞ்சம் குறை" என்றார்.

பி.கு.: காருக்குள் இனிப்பு வாசனை வந்தாலோ, கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் பனி படிந்தாலோ, காலடி மேட் நனைந்திருந்தாலோ ஹீட்டர் கோர் ஒழுகுகிறது என்று அர்த்தம். அதை வீட்டில் நோண்டாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.